துரை யார் வீட்டு நாய்

சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, துரை மூவரும் சௌக்கியம். முதல் இரண்டு பேருக்கு மட்டும் முழங்கால் வலி. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், இரவு டியூட்டி முடிந்து வந்து ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், நம்பிவிட்டேன் என்று எழுதவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. முற்றத்தோடு வீடு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் லீவில் வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி பேசுகிறாய், நான் சொல்ல வந்தது ஸ்டாப்பிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆக வேண்டிய வேலைகளை ஆரம்பித்துவிட்டேன். கால்நடை டாக்டரிடம் காட்டியாயிற்று. ஊசி எல்லாம் சரியாக இருக்கிறது, தாராளமாகப் பயணம் செய்யலாம் என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை துரை மேஜைமேல் நின்றுகொண்டு, டாக்டரைத்தான் யாரோ பரிசோதனைக்குக் கூட்டி வந்திருப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதம் முழுக்க நீ பஞ்சு பஞ்சு என்றே எழுதுகிறாய். அந்தப் பெயருக்கு அவர் இப்போது திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். நீ காப்பகத்திலிருந்து கூட்டி வந்த அன்று நான் எப்படிக் குதித்தேன் என்று ஞாபகம் இருக்கும். சுவர் ஏறிக் குதிக்கிறது, செருப்பைத் தின்கிறது என்று இரண்டு குடும்பங்கள் திருப்பிக் கொண்டுவந்து விட்ட நாய். அது வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போகிறேன் என்றேன். கடைசியில் வெளியே போனது நீ. ஹாஸ்டலில் நாய்க்கு இடமில்லை, ஒரு வருஷம் பார்த்துக்கொள் அம்மா என்று கயிற்றை என் கையில் திணித்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய். அப்பா போன பிறகு நான்கூட உட்காராத அவருடைய சாய்வு நாற்காலியில், அன்று சாயங்காலமே இவர் யாரையும் கேட்காமல் ஏறிப் படுத்துக்கொண்டார். இறங்கு என்று அதட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அன்றைக்கு வைத்த பெயர்தான் துரை.

அவர் சுவர் ஏறிக் குதித்த கதையை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா லீவு நாட்களில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். குறுக்குக் கம்புகளைத் தாண்டி, துணியால் செய்த குகைக்குள் நுழைந்து, ஏறி இறங்கும் பலகையில் நடந்து, வரிசையாக நட்ட குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். அஜிலிட்டி என்கிறார்கள். துரை ஒரு நாள் சுவரைத் தாண்டிப் போய், யாரும் அழைக்காமலே மூன்று கம்புகளைத் தாண்டிக் குகைக்குள் புகுந்து மறுபக்கம் வந்து நின்றிருக்கிறார். பல் டாக்டர் அவரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, இந்த அம்மாவும் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இதைக் கட்டி வைக்காதீங்க. ஓட விடுங்க. கூட நீங்களும் ஓடுங்க" என்றார்.

அடுத்த லீவு நாளிலேயே நாங்களும் சேர்ந்துவிட்டோம். கயிறு இல்லாமல், நாயைத் தொடாமல், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையாலும் உடம்பாலும் மட்டும் காட்டிக்கொண்டு நாமும் கூடவே ஓட வேண்டும். துரைக்கு எல்லாம் தண்ணி பட்ட பாடு. மக்கு நான்தான். பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து, பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் பார்க்காமல் முன்னால் போக எனக்குத் தெரியாது. மைதானத்திலும் இரண்டு எட்டு வைத்ததும் தலை திரும்பிவிடும். நான் திரும்பினால் துரை அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். போன போட்டியில் குகை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இடம் எங்களுக்குத்தான். "நீங்க திரும்பித் திரும்பிப் பாத்தா, அது வராதுன்னு நீங்க நினைக்கிறதா அதுக்குப் படுது. அதான் நின்னுடுது" என்று பல் டாக்டர் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு மறுபடியும் போட்டி. உன்னிடம் ஒப்படைக்கும் முன் ஒரு தடவையாவது உருப்படியாக ஓடிக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

நேற்று எழுதியதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஓடினோம். இந்த வயதில், இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதை நீ பார்த்திருந்தால், முதலில் ஆம்புலன்சுக்குத்தான் போன் போட்டிருப்பாய். குகையைக் கடந்ததும் கழுத்து வழக்கம்போல் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு வாங்கிய மூச்சில் பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. வருகிறாரா, வேலி தாண்டி ஓடிவிட்டாரா, ஒன்றும் தெரியாது. வருவார் என்று கையை மட்டும் நீட்டிக் குச்சி வரிசையைக் காட்டினேன். என் கைக்குக் கீழே பழுப்பாக ஒன்று பாய்ந்து போயிற்று பார், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் முன்னால், நான் பின்னால். ஒரு கம்புகூட விழவில்லை.

புதியவர்கள் பிரிவில் முதல் பரிசு. ஒரு மூட்டை நாய்த்தீனி கொடுத்தார்கள். போட்டோ எடுப்பதற்குள் துரை மூட்டையைக் கிழித்துவிட்டார். எல்லாப் படத்திலும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பது நான். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் எங்க வீட்டு நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது, "அக்கா, நாளைக்கு டூட்டிக்குப் போய் பஸ்ஸையும் கண்ணாடி பாக்காம ஓட்டிடாதே" என்று கிண்டல் வேறு.

கேள், கண்ணு. ஒருத்தர் வருகிறாரா என்று பார்க்காமல், வருவார் என்று நம்பி நான் இதுவரை ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. உன்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனவள் நான். இன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கவில்லை. அவர் வந்தார். அதற்குப் பிறகு அவரை எப்படி வண்டி ஏற்றிவிடுவது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். துரையை நான் தர மாட்டேன்.

டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தச் சத்தமில்லாத வீடு எனக்கும் தெரியும். நீ அங்கே அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் ஊரிலும் காப்பகம் இருக்கும், போய்ப் பார். ஓடி வந்து வாலாட்டுகிற குட்டியை யாராவது கூட்டிப் போய்விடுவார்கள். மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு மூன்று தடவை திரும்பி வந்த ஒன்று படுத்திருக்கும். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேள். யாரும் வேண்டாம் என்ற நாயைப் பார்த்து வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவள் நீ. அந்தக் கண் உன்னுடையது, எனக்குக் கிடையாது. லீவுக்கு அவசியம் வா. துரையோடு நீயும் ஒரு சுற்று ஓடு, நான் வேலிக்கு வெளியே நின்று உன்னைக் கேலி செய்கிறேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இவ்வளவு கறாராக எழுதிவிட்டேனே தவிர, நீ கேட்டு நான் இல்லை என்று சொல்வது இதுதான் முதல் தடவை. எனக்கு இது பழக்கமில்லை. இன்னொரு தடவை நீ கேட்டால் கொடுத்துவிடுவேன். அதனால் கேட்காதே.

உன் அம்மா