எட்டு மணிக்குத் திறக்கும் மருந்து அலமாரி

அனுப்புநர்:
ஆறாம் எண் அறையில் தங்கியிருப்பவர்,
பேருந்து நிலைய அறிவிப்பாளர்,
பணிபுரியும் மகளிர் விடுதி.
(பெயர் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. இவ்விடுதியில் எழுதப்படும் மனுக்கள் அறிவிப்புப் பலகைக்குப் போய்ச் சேர்வதுண்டு.)

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
மகளிர் விடுதிகள் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: தைராய்டு குறைபாட்டுக்கு நாள்தோறும் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையைப் பாலோடும் சத்து மாத்திரைகளோடும் சேர்த்து விழுங்க மறுத்த குற்றத்துக்காக, அறையைக் காலி செய்யும்படி எனக்கு ஆணையிட்டது – அவ்வாணையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள் வரி சற்று நீண்டுவிட்டது. இதே மாத்திரை தொடர்பாக விடுதி ஆட்சிக் குழுவுக்கு நான் முன்பு கொடுத்த மனுவில் அந்த வரியைத் தாண்டி யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனவே இம்முறை எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடப் பார்த்தேன். மேலும் படிக்கத் தங்களுக்குப் பொறுமை இருக்குமானால், விவரம் பின்வருமாறு.

1. என் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தேவையான அளவுக்குச் சுரப்பதில்லை. இது தொற்றுநோய் அன்று. சோம்பலால் வருவதும் அன்று. சோம்பல்தான் இதனால் வருகிறது. காலையில் எழுந்ததும் தண்ணீரோடு ஒரு சிறு மாத்திரையை விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தால் நானும் மற்றவர்களைப் போல இருப்பேன். அது இல்லாவிட்டால், வீட்டில் யாரோ ஓர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போவது போல உடம்பு அடங்கத் தொடங்கும். யாருக்கும் குளிராத இடத்தில் எனக்குக் குளிரும். இமைகள் வீங்கும். சீப்பில் முடி கொத்தாகத் தங்கும். படித்த பக்கத்தையே மறுபடியும் படிக்க நேரும். புத்தகம் மார்பின்மேல் கிடக்க, விளக்கு எரிய எரியத் தூங்கிப்போவேன். மின்சாரத்தை வீணாக்கியதற்காக எனக்கு ஓர் எச்சரிக்கையும் தரப்பட்டிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

2. மருந்துகளைப் பூட்டி வைக்கும் விதி சென்ற ஆண்டு பிறந்தது. மேல்தளத்தில் தங்கியிருந்த வங்கி ஊழியர் ஒருவர், உடல் இளைக்க வேண்டிப் பட்டினி கிடந்து, குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். அவருடைய மேசையில் ஒரு தலைவலி மாத்திரை அட்டை இருந்தது. ஆட்சிக் குழு கூடியது, ஆராய்ந்தது, மயக்கத்துக்குக் காரணம் மாத்திரையே என்று கண்டறிந்தது. அன்று மாலையே எல்லாருடைய மருந்துகளும் வாங்கப்பட்டு, உணவுக்கூடத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. சாவி காப்பாளர் அம்மையாரின் இடுப்பில் இருக்கிறது. அம்மையார் காலை எட்டு மணிக்கு வருவார். அதற்கு முன் விடுதியில் எவருக்கும் எந்த நோயும் இருக்கக் கூடாது என்று விதியில் எழுதவில்லை. நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

3. பட்டினியைக் குழு அடியோடு மறந்துவிட்டது என்றும் குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் காலையில் ஒரு தம்ளர் பாலும், கால்சியம் மாத்திரை ஒன்றும், இரும்புச்சத்து மாத்திரை ஒன்றும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கைதட்டலுக்கிடையே தொடங்கி வைத்தார்கள். அறை எண் ஒட்டிய பாட்டில் மூடி ஒன்றில் இவை வரும். அவரவர் சொந்த மருந்தும் அதே மூடியில்தான். மொத்தத்தையும் வாயில் கவிழ்த்து, பாலைக் குடித்து, அம்மையாருக்கு வாயைத் திறந்து காட்ட வேண்டும். “ஆ காட்டு... நாக்கைத் தூக்கு... ம், நகரு, அடுத்தது.” சொந்தமாகச் சம்பாதிக்கிற, வரி கட்டுகிற, சிலர் பிள்ளைகளை ஊரில் படிக்க வைக்கிற பெண்கள் நாங்கள். நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் புறப்படுகிறோம்.

4. நானும் பல மாதங்கள் ஒழுங்காகத் தூக்கிக் காட்டினேன். அந்த மாதங்களில் என் குரல் தடித்தது, பேச்சும் மெதுவானது. ஒலிபெருக்கியில் பேருந்துகளின் வரவையும் புறப்பாட்டையும் சொல்வது என் வேலை. குரலைத் தவிர வேறு முதலீடு எனக்கில்லை. நிலைய மேலாளர் ஒருநாள் அறிவிப்பு அறைக்குள் எட்டிப் பார்த்து, “ஏம்மா, வண்டி கிளம்புறதுக்குள்ள அறிவிப்பை முடிச்சிருவியா?” என்றார். நடத்துநர்கள், “மைக்ல யாருப்பா, புது அண்ணனா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். விடுதியில் காப்பாளர் அம்மையார் எனக்குக் கும்பகர்ணி என்று பெயர் வைத்தார். அவர் புராணம் அறிந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

5. இரத்தப் பரிசோதனையில் நோய் முற்றியிருந்தது. மருத்துவர் என்னை நம்பவில்லை. “உண்மையைச் சொல்லுங்க. போடுறீங்களா, இல்ல ஜன்னல் வழியா வீசுறீங்களா?” என்றார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த பரிசோதனையும் அப்படியே இருந்தது. அப்போதுதான் அவருக்கு வேறொரு கேள்வி தோன்றியது: எதோடு சேர்த்துப் போடுகிறேன்? சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “பாலு, கால்சியம், இரும்பு, மூணும் ஒண்ணாவா? அப்ப அந்த மாத்திரை உங்களுக்குச் சேரவே இல்லைம்மா. உங்களுக்குள்ள போயி, ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, வெளிய வந்திருக்கு.” வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். நகல் இணைத்துள்ளேன்.

6. கடிதத்தைக் காப்பாளர் அம்மையாரிடம் கொடுத்தேன். அவர் உறையைப் பிரிக்கவில்லை. “வெறும் வயித்துல மாத்திரை போட்டா குடல் புண்ணாயிடும். எனக்கே பாடம் எடுக்குறியா? எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் கம்பவுண்டரா இருந்தவரு” என்றார். கணவர் மருந்து கலக்கினால் மனைவிக்கு வைத்தியம் வரும் என்றால், என் அப்பா லாரி ஓட்டியவர். என்னையும் நெடுஞ்சாலையில் விடலாம். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

7. பிறகு ஆட்சிக் குழுவுக்கு மனு கொடுத்தேன். நான் கேட்டது ஒன்றே: என் மாத்திரை அட்டை என் அறையில் இருக்கட்டும். குழு ஒரு மாலை முழுவதும் விவாதித்ததாக அறிகிறேன். முடிவு எழுத்தில் வந்தது. ஒருவருக்காக விதியை மாற்ற இயலாது. எனினும் மனுதாரரின் உடல்நிலையைக் கருணையோடு கருதி, காலை உணவு வரிசையில் அவர் முதலாவதாக நிற்க அனுமதிக்கப்படுகிறார். ஐயா, இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். நோயால் புத்தி மந்தமாகிவிட்டதோ என்ற ஐயத்தில், எதிர் அறையில் இருக்கும் தையற்கார அக்காவிடமும் படிக்கக் கொடுத்தேன். அவருக்கும் அதே பொருள்தான் கிடைத்தது. “கொடுத்து வெச்சவடி நீ. உன் வியாதிக்கு முன்வரிசையில இடம் கிடைச்சிருச்சு” என்றார். ஆக, எல்லாருக்கும் முன்னதாக, அதே மூடி, அதே பால். மலச்சிக்கலும் முடி உதிர்வும் எனக்கு வரிசை முறைப்படி முதலில் வந்து சேர்ந்தன.

8. அதன் பின் நான் செய்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் சொந்தமாக ஓர் அட்டை வாங்கினேன். தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். விடியும்போது எழுந்து, குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, சன்னலருகே உட்கார்ந்து படிக்கிறேன். நாளின் ஆகச் சிறிய காரியம் அது. பருப்பளவுகூட இல்லாத ஒரு பொருளை விழுங்குவது. என் உடல் செய்யத் தவறுவதை அந்த ஒரு மிடறில் நானே செய்துகொள்கிறேன். அந்த நேரத்தில் என் அருகே யாரும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாயைத் திறந்து காட்டச் சொல்லும் ஒருவர் இருக்க வேண்டிய அவசியம் நிச்சயமாக இல்லை. சில வாரங்களில் குளிர் விட்டது. குரல் திரும்பியது. புது அண்ணன் மாற்றலாகிப் போய்விட்டதாக நடத்துநர்கள் பேசிக்கொண்டார்கள். பரிசோதனையும் சீரானது, அதன் நகலும் இணைப்பில் உள்ளது.

9. விடியலில் ஒன்றைப் போட்டபின் உணவுக்கூடத்திலும் ஒன்றைப் போட்டால் நெஞ்சு படபடக்கும். ஆகவே மூடியை நான் வாங்கவில்லை. “வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். காரணம் சொன்னால் தலையணை உறையைச் சோதனையிடுவார்கள் என்பது தெரிந்ததுதான். “எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்துறியா?” என்று கேட்டார் அம்மையார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ‘மருந்து மறுப்போர்’ என்ற தலைப்பில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பன்மையில் தலைப்பிட்டாலும் அதில் இருந்தது ஒரே பெயர். எதிரே நோயின் பெயர். பால் கொண்டுவருபவரும், தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரும் நின்று படித்துவிட்டுப் போனார்கள். குழாய்க்காரர் என்னிடம், “என் மச்சினிச்சிக்கும் இதேதாங்க. கவலைப்படாதீங்க” என்றார். இந்த விவகாரத்தில் விடுதிக்குள் என்னிடம் முறையாகப் பேசிய ஒரே ஆண்மகன் அவர்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். குழுவில் ஐந்து ஆண்கள் இருக்கிறார்கள்.

10. அதோடு நிற்கவில்லை. அம்மையார் என் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, “உங்க பொண்ணு மருந்தே சாப்பிட மாட்டேங்குறா. மனசுல என்ன இருக்கோ. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேக்கக் கூடாது” என்று சொல்லியிருக்கிறார். அம்மா அடுத்த பேருந்தைப் பிடித்தார். அந்தப் பேருந்து வந்து சேர்ந்ததை நான்தான் அறிவித்தேன், உள்ளே அவர் அழுதுகொண்டிருப்பது தெரியாமல். விடுதி வரவேற்பறையில் அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தானேடி இருக்க? அப்புறம் ஏன்டி இப்படிச் சொன்னாங்க?” விளக்கினேன். புரிந்துகொண்டார். புரிந்த பின்னும் சொன்னது இதுதான்: “போதும்டி. வேலையும் வேணாம், விடுதியும் வேணாம். வீட்டுக்கு வந்துரு. தினமும் மாத்திரையை நானே கையில எடுத்துத் தரேன்.” அன்பினால் சொன்னது, அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு சாவியிடமிருந்து இன்னொரு கைக்கு மாறுவதற்காக நான் படித்து, வேலை தேடி, இந்த ஊருக்கு வரவில்லை.

11. மாத இறுதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று இப்போது ஆணை வந்துள்ளது. காரணமாகக் குறிப்பிட்டிருப்பது ‘சிகிச்சைக்கு ஒத்துழையாமை’. தனியாக வரும் பெண்ணுக்கு இந்த ஊரில் வீடு கிடைக்கும் இலட்சணம் தாங்கள் அறியாததன்று. அது எளிதாக இருந்தால் தங்கள் அலுவலகமே தேவைப்பட்டிருக்காது. அறை போனால் அம்மா என்னை அழைத்துச் செல்வார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறார். நான் போனால் வேலை போகும். மருந்தைச் சரியாகச் சாப்பிட்டு உடம்பு தேறியதற்கு ஒரு பெண் கொடுக்கும் விலை இது என்றால், நோயே மலிவு.

12. எனவே, அறையைக் காலி செய்யச் சொல்லும் ஆணையைத் தாங்கள் நீக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் உள்ள தாளை, அதை ஒட்டியவரின் கையாலேயே கிழிக்கச் செய்ய வேண்டும். அவரவர் மருந்து அவரவர் அறையில் இருக்கலாம் என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும். இந்த விடுதியில் சர்க்கரை நோய்க்கும் வலிப்புக்கும் மருந்து உண்பவர்கள் உண்டு. அவர்கள் மனு எழுதவில்லை என்பதற்காக எட்டு மணிவரை நலமாக இருக்கிறார்கள் என்று பொருளாகாது. கருணை எதையும் நான் கேட்கவில்லை. அது குழுவிடம் ஏராளமாக இருக்கிறது. அதன் பலனைத்தான் மேலே விவரித்திருக்கிறேன்.

தங்கள் பதில் எதுவானாலும் நாளைக் காலையும் நான் மாத்திரையை விழுங்குவேன்; அதன் மறுநாளும், உயிரோடு இருக்கும் நாள்வரையும். அதில் தாங்களோ குழுவோ தீர்மானிக்க எதுவும் இல்லை. தங்களால் தீர்மானிக்க முடிந்தது ஒன்றுதான்: அதை நான் எந்த ஊரில் எழுந்து விழுங்குவது என்பது. அதையாவது விரைந்து தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: காலி செய்யக் குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்பு
இடம்: ஆறாம் எண் அறை

இப்படிக்கு,
இன்னும் அறையில் இருக்கும்
மனுதாரர்
(ஒப்பம்)

இணைப்பு: மருத்துவர் கடிதம், பரிசோதனை முடிவு, வரிசையில் முதலிடம் அளித்த குழுவின் தீர்மானம் – நகல்கள்.