கோடுபோட்ட சேட்டு

சூரிச்
12.06.2011

என் பிரியமான மச்சாள் கஜானிக்கு,

மாமியின் முழங்கால் வலி எப்படி? இரண்டு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. கோபமா, இல்லை எழுதத்தான் பஞ்சியா?

ஓகஸ்டில் வருகிறோம்! அவரும் நானும் சின்னவளும். நீ வேலை செய்கிற உல்லாச விடுதியிலேயே அறை பதிந்துவிட்டோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, தேற்றாத்தீவைப்போல ஓரிடம் உலகத்தில் இல்லையென்று அவரிடம் நன்றாக அளந்து வைத்திருக்கிறேன். விடியற்காலையில் பறவை பார்க்கும் தோணிப் பயணம், கண்டல் காட்டு முதலை எல்லாவற்றுக்கும் எங்கள் பெயரைப் போட்டுவை. சின்னவள் பெரிய கேள்விக்காரி. பொறுமையான தோணிக்காரராகப் பார்.

உன் அண்ணனைச் சுனாமி கொண்டுபோன பிறகு, மாமிதான் கெஞ்சி என்னை மறுமணத்துக்குச் சம்மதிக்க வைத்தார். மாமியின் மடியில் என் பிள்ளையை இருத்த வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

அன்புடன்,
கம்சாயினி

தேற்றாத்தீவு
27.06.2011

மச்சாள்,

இதைத் தனியாக இருந்து வாசியுங்கள். போனில் சொல்லப் பயம், பக்கத்தில் அவர் இருப்பார்.

அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

ஓம், குகேந்திரன் அண்ணன்தான். தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகிச் சித்திரையில் வந்தார். அம்மா மயங்கி விழுந்துவிட்டா. உங்களுக்கு என்னவென்று எழுதுவேன்?

கடல் வந்த அன்று அண்ணன் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் நின்றிருக்கிறார். அங்கேயே புலிகள் இயக்கம் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோய்விட்டது. யுத்தம் முடியும்வரையும், பிறகு முகாமிலும் ஒரு சொல் அனுப்ப வழியில்லையாம்.

“அப்ப நாம புதைச்சது ஆரை?” என்று கேட்டேன்.

“உடம்பில கோடுபோட்ட சேட்டோ?” என்றார். பிறகு தலையில் கைவைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். கடல் வந்ததற்கு முதல் நாள், நத்தார்ப் பூசைக்குப் போகப் புதுச் சேட்டில்லை என்று அவருடைய கூட்டாளி ஜூலியன் வந்து நின்றானாம். நீங்கள் தைத்துக் கொடுத்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நீங்கள் ஏசுவீர்கள் என்று சொல்லவில்லையாம். முகம் ஊதிக் கிடந்த உடலை அந்தச் சேட்டை வைத்துத்தானே அடையாளம் சொன்னோம்! ஜூலியனின் தாய் லூர்தம்மா பார்க்கக் கேட்டபோதும், எங்கள் ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டோமே. அவ இன்னும் மகன் வருவான் என்றே இருக்கிறா.

நீங்கள் பொறுமையான தோணிக்காரர் கேட்டீர்கள். இங்கே வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு கண்டல் பக்கம் போகிறவர் அண்ணன்தான். நாரைக் கூட்டம் கலையாமல் தோணியைத் தள்ளுவார். மணலில் முதலை வாய் பிளந்து கிடக்க, ஒரு வெள்ளைக்காரி கத்திய கத்தலுக்கு அன்று சிரித்தார். வந்தபிறகு அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். நிரந்தர வேலை தரலாம், இறப்புப் பதிவை நீக்கிவிட்டு வா என்கிறார்கள் விடுதிக்காரர். அண்ணன் மாட்டேன் என்கிறார். “நான் உயிரோட எண்டு எழுதினா, மறுகா அவள்ர கலியாணம் என்னாகும்கா? செத்தவனாவே இருந்திட்டுப் போறன்.” லூர்தம்மாவிடமும் வாய் திறக்கக் கூடாதாம்.

தயவுசெய்து வராதீர்கள் மச்சாள்.

கஜானி

சூரிச்
10.07.2011

கஜானி,

உன் கடிதத்தைச் சமையலறை நிலத்தில் இருந்து வாசித்தேன். ஒருவர் உயிரோடிருக்கிறார் என்றால் சந்தோசப்படத்தானே வேண்டும்? எனக்கு அழுகைகூட வரவில்லை.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். “பிள்ளைக்கு நான்தானே தகப்பன்?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். இப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் அண்ணன்மீது கோபம் கோபமாக வருகிறது. எனக்காகச் செத்துக்கிடக்கச் சொல்லி அவரை யார் கேட்டது? என் கலியாணம் நிலைக்க ஒரு தாய் சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அந்தச் சோற்றை நான் எப்படித் தின்பேன்?

விடுதி அறை வேண்டாமென்று சொல்லிவிட்டோம். நான் தனியே வருகிறேன். உடலை அடையாளம் சொன்னது நான், பதிவில் கையெழுத்தும் என்னுடையது. மாற்றவும் நான்தான் வரவேண்டும். உன் அண்ணனிடம் அனுமதி கேட்காதே, தகவலாகச் சொல்.

முதலில் லூர்தம்மாவிடம் அவவின் மகனைக் கொடுப்போம். நான் யாருடைய மனைவி என்பதை அதற்குப் பிறகு பதிவாளர் சொல்லட்டும்.

கம்சாயினி