கருப்பி படுத்த ஜிப்பா

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

மதியம் ஜும்மா தொழுகைக்கு என்று இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருந்த வெள்ளை ஜிப்பாமேல் எங்கள் பூனை கருப்பி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தினமும் மீன் போடுவது நான். படுக்க மட்டும் என் வீட்டுக்காரர் துணிதான் வேண்டும். "இன்னொரு தடவை ஜிப்பாவுல முடி ஒட்டுச்சுன்னா சாந்தோம் மீன் கடையில விட்டுட்டு வந்துடுவேன்" என்று போன வாரம்தான் அவர் கத்தினார்.

குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார். அதைத் தூக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "தூங்குது, எழுப்பாதே" என்று கிசுகிசுத்துவிட்டு, பழைய கட்டம் போட்ட சட்டையோடு பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்ததும் முதல் கேள்வி: "எழுந்துடுச்சா?"

இதே மனுஷன் என்னைக் காலையில் போர்வையை உருவித்தான் எழுப்புவார். இன்றைக்கு நானும் அந்த ஜிப்பாவை விரித்துப் படுத்துப் பார்க்கப் போகிறேன்.