அண்ணி கொடுத்துவிட்ட உங்கள் கண்கள்

என் உயிரான அன்ரன் அண்ணைக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் செத்துப்போனது மட்டும் என்றால் அழுதழுதாவது ஆறியிருப்பேன். உங்கள் முகத்தைத் துடைக்கப் போன இடத்தில் நான் கண்டதை என்ன செய்வது?

உங்களுக்கு நடந்தது உங்களுக்கே தெரியாதே. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கி முதல் கிழமை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்தீர்கள். படகில் ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு. தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் விடிய அண்ணி போன் எடுத்து, "போயிட்டார், பிள்ளை" என்றார்.

பெட்டி நெடுந்தீவுக்கு வந்துசேர மத்தியானம் ஆனது. விறாந்தையில் உங்களை வைத்தார்கள். நான் துணியை நனைத்து உங்கள் நெற்றியைத் துடைத்தேன். இமையோரத்தில் மெல்லிய ஊதாக் கோடு ஒன்று ஓடியது. விழுந்தபோது அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணி, கண்ணிலை அடிபட்டதோ?"

அண்ணி அத்தனை சனத்துக்கும் முன்னால், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "இல்லை, பிள்ளை. கண்ணைக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு சொல்லமாட்டினம். பார்வை இல்லாத ஆருக்கோ. டொக்டர் வந்து கேட்டார். ஓமெண்டு கையெழுத்து வைச்சனான்."

என் கையில் இருந்த துணி நழுவி விழுந்தது. அண்ணை, அன்று நான் கத்தின கத்து இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். "ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்? உலகத்தின்ரை கடைசி நாளிலை அவர் என்னெண்டு எழும்புறது? கண்ணில்லாமல் ஆண்டவரின்ரை முகத்தை என்னெண்டு பாக்கிறது?" பங்குச் சுவாமியார் வந்து என் தோளைத் தொட்டு, இது பாவமில்லை, அன்பின் காரியம் என்றார். அவருடைய கையையும் தட்டிவிட்டேன். சுவாமியாருடைய கையை! வாழ்நாளில் நான் செய்திராத வேலை.

அதற்குப் பிறகு அண்ணியோடு நான் பேசவில்லை. சேமக்காலையில் உங்களை மண்ணுக்குள் இறக்கும்போதும் பேசவில்லை, முப்பத்தோராம் நாள் பூசையிலும் பேசவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. பதினாறு வருடமாகப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி படிப்பிக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் விசுவாச அறிக்கை சொல்ல எழும்பி நின்றால், உடல் உயிர்க்கும் என்ற இடம் வந்ததும் என் வாய் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் நிற்பவர்களின் குரல் என்னைக் கடந்து போகும். இவ்வளவு காலமும் நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன்? மத்தியானம் படுத்த மனிதர் எழும்பிச் சாரத்தை உதறிக் கட்டுவதுபோலத்தான் உயிர்ப்பு இருக்கும் என்று நினைத்திருந்தேனா?

உயிர்த்த ஞாயிறு காலை, பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் கைகொடுத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி வெள்ளைச் சீலையோடு என்னை நோக்கி வந்தார். நான் குனிந்து செருப்பைத் தேடுகிறமாதிரி நின்றேன். செருப்பு என் காலிலேயே கிடந்தது. அண்ணி அதைக் கண்டிருப்பார். திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கிழமைதான், உங்கள் கல்லறைக் குருசடியைத் துப்புரவாக்க என்று சேமக்காலைக்குப் போனேன். அண்ணி எனக்கு முன்னமே வந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். உங்களுடையதை முடித்துவிட்டு அப்பாவுடைய குருசுக்கு அடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போகவும் ஏலாமல் நின்றேன்.

அண்ணி என்னைப் பார்க்காமலே கேட்டார். "பிள்ளை, மாமாவின்ரை இந்தக் குருசுக்குக் கீழை என்ன கிடக்குது?"

"ஒண்டுமில்லை." எனக்கு ஒன்பது வயதில் அப்பா கடல் தொழிலுக்குப் போனார். வள்ளத்தின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. அவர் வரவில்லை. உங்களுக்குத் தெரியாததா?

"அவர் கடைசி நாளிலை எழும்புவாரோ, மாட்டாரோ?"

"எழும்புவார்." யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

"அவரின்ரை கண்ணை மீன் திண்டிருக்கும். அதைப் பற்றி நீர் ஒருநாளும் கேக்கேல்லை. இவரின்ரை காலுக்குள்ளை சண்டை நேரம் பட்ட ஷெல் துண்டு கடைசி மட்டும் கிடந்தது. அதோடை எழும்புவாரோ எண்டும் கேக்கேல்லை. மீன் எடுத்தால் பரவாயில்லை, மனிசர் எடுத்தால்தான் குறையோ?"

முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. எத்தனை வருடம் அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன்! ஒரு நாளாவது அவருடைய கண்ணை நினைத்தேனா?

நான் நின்ற நிலையைக் கண்டு அண்ணியின் குரல் தணிந்தது. "நான் பெரிய துணிச்சல்காரி எண்டு நினையாதையும். கையெழுத்து வைக்கேக்கை பேனை வழுக்கினது. ஒருக்காக் கண்ணைத் துறந்து பாக்கமாட்டாரோ எண்டு கடைசி மட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"பிறகேன் குடுத்தனீங்கள்?"

"எழும்புவார் எண்டு நம்பினபடியாத்தான், பிள்ளை. அது பொய்யெண்டால் நான் அவரின்ரை தலைமயிர் ஒண்டையும் விட்டிருக்கமாட்டன். எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடந்திருப்பன்."

கடைசி நாளுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த விசுவாசத்தை அந்த மனிசி ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு ஒரு கையெழுத்தாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். படிப்பித்தவள் நான். பதினாறு வருடம்!

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அண்ணிதான், "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். அன்று உங்கள் வீட்டுக் குசினியில் குந்தியிருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன்.

இன்னொரு செய்தி. நம்பமாட்டீர்கள். அண்ணி உங்கள் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகுகிறார், பால் கொண்டுபோவதற்கு. போன கிழமை கல்வேலியில் மோதி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே சிரித்தார். புருசன் செத்த வீட்டில் இப்படியும் ஒரு சிரிப்பா என்று ஊர் வாயைப் பிளக்கிறது. எனக்கும் முதலில் திடுக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தேன்: உங்களைத் திரும்பக் காண்பேன் என்று உறுதியாக நம்புகிறவர், அதுவரை சிரிக்காமல் ஏன் இருக்கவேண்டும்?

நேற்றுச் சாப்பாட்டில் இருக்கும்போது என் மனிசனிடம், நானும் கண் கொடுக்க எழுதிவைக்கப்போகிறேன் என்றேன். இவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உமக்கு என்ன, விசர் பிடிச்சிட்டுதோ?"

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அண்ணை. அது என்னுடைய முகம். எனக்கு நாற்பது நாளுக்கு மேல் பிடித்தது. அவருக்கு எவ்வளவு பிடிக்குமோ, பிடிக்கட்டும். கையெழுத்து வைக்கத்தான் போகிறேன். ஆனால் அவரோடு கத்தமாட்டேன், முகத்தையும் திருப்பமாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் மதலேன் மரியாளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தானே இருந்தன? அப்படியிருந்தும் உயிர்த்த ஆண்டவரைக் கண்டு தோட்டக்காரன் என்றுதான் நினைத்தாள். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவரைத் தெரிந்தது. ஆகையால் அந்த நாளில் நீங்கள் என்னைத் தேடி அலையவேண்டாம். "குஞ்சு" என்று ஒருதரம் கூப்பிடுங்கோ. எந்தச் சனத்துக்குள் நின்றாலும் நான் திரும்புவேன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த ஒரே தங்கச்சி,
குஞ்சு
நெடுந்தீவு