பிரேக் ஒயில் குறைந்துகொண்டே போகிறது

சாய்ந்தமருது
புதன்கிழமை

அன்பு மகன் அஸீமுக்கு உம்மாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் காவலில் நானும் தங்கச்சி ஹப்ஸாவும் மருமகனும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கத்தார் வெயிலில் நேரத்துக்குத் தின்று நேரத்துக்குத் தூங்கி அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். ஃபோன் இருக்கும்போது உம்மா ஏன் கடதாசி எழுதுகிறா என்று யோசிப்பாய். இந்த வீட்டில் ஃபோனில் கதைத்தால் எதையும் ஒளிக்க ஏலாது மகன், நடுச்சுவர் முகடு வரைக்கும் எழும்பவில்லை என்பது உனக்குத் தெரியும்தானே, நான் குசினியில் இருமினால் முன் அறையில் மருமகனுக்குக் கேட்கும், அவர் இல்லாத நேரம் கதைத்தாலும் ஹப்ஸா வாயால் அவருக்குப் போய்விடும். அடுத்த வீட்டு மர்ஷூதாவின் ஃபோனை வாங்கிக் கதைத்தால் பொழுதுபட்டு மஃரிபுக்குள் ஊரெல்லாம் அதே கதையாக இருக்கும். அவளுடைய மாப்பிள்ளை லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்ப இன்றிரவு வேனில் கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்குப் போகிறார், ஒட்டின கவரில் வைத்து அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கிடைத்த கையோடு வாசி, பிறகு பார்ப்போம் என்று வைத்துவிடாதே.

விஷயம் உன்னுடைய மோட்டார் சைக்கிள். நீ போனதிலிருந்து மருமகன் அப்ராஸ்தான் ஓடுகிறார், அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை, சும்மா கிடந்து துருப்பிடிப்பதைவிட ஓடுவது நல்லதுதான். ஆனால் கராஜ் பாஸோடு எதற்கோ வாய்க்கொழுவல் பட்டு, இனி சர்வீஸ் எல்லாம் நானே செய்வேன் என்று வீட்டிலேயே இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபோனில் வீடியோவைப் போட்டு முற்றத்தில் குந்துவார். கெட்ட மனுசன் இல்லை மகன், ஹப்ஸாவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் கஞ்சி வாங்கி வந்தார். வீம்புதான் கொஞ்சம் கூட. முதலில் என்ஜின் ஒயிலை மாற்றினார். சைக்கிளைச் சைட் ஸ்டேண்டில் சரித்து விட்டபடியே ஒயில் அளக்கிற கம்பியை விட்டுப் பார்த்தால் ஒயில் குறைவாகத்தானே காட்டும், காணாது காணாது என்று டின்னில் இருந்ததையெல்லாம் ஊற்றிவிட்டார். நீ பார்க்கும்போதெல்லாம் நான்தானே ஹேண்டிலைப் பிடித்துச் சைக்கிளை நேராக நிமிர்த்திக்கொண்டு நிற்பேன், உம்மா ஆடாதீங்க, ஆடினா மட்டம் பிழைக்கும் என்று நீ சத்தம் போடுவாய். அது இவருக்கு யார் சொல்வது. அடுத்த நாள் புகையென்றால் அப்படியொரு புகை, ஹப்ஸாவின் அபாயாக் கரையெல்லாம் கறுத்த ஒயில். ஹப்ஸா வாயால் சொல்லி அனுப்பினேன், நிமிர்த்தி வைத்துப் பார்க்கட்டாம் என்று. இந்த மெசின் வேலையெல்லாம் மாமிக்கு எங்க விளங்கப்போகுது என்று சிரித்தாராம். பிறகு அவரே கூடினதை வடித்தெடுத்தார், அது போகட்டும்.

இப்போது என் நெஞ்சைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் ஒயில். வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கி விடுகிறது. மருமகன் நிரப்புகிறார், திரும்பவும் இறங்குகிறது. பிரேக் பேட் தேயத் தேய ஒயில் இறங்கும், அது வழமை, ஊத்தினாச் சரி என்று வீடியோவில் சொன்னார்களாம். ஓம், தேய்ந்தால் இறங்கும்தான், நீயும் சொல்லியிருக்கிறாய், ஆனால் மாசக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும் என்றுதானே சொன்னாய். இது நேற்று நிறைந்திருந்தது இன்றைக்கு இல்லை. அவர் ஊற்றுவதும் நீ உடைத்துப் பாவித்துவிட்டு மூடி வைத்துப் போன பழைய போத்தல். திறந்த போத்தல் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு பிரேக்குக்கு ஆகாது என்று நீ எறியச் சொன்னாய், நான்தான் எறியாமல் விட்டுவிட்டேன். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் உப்புப் போத்தலே தண்ணியாகிக் கிடக்கிறது.

சுபஹுக்குப் பிறகு முற்றம் கூட்டும்போது டோர்ச் அடித்துப் பார்ப்பது எனக்கு இப்போது வேலையாகிவிட்டது. முன் மட்கார்ட்டில் பெயின்ட் கொப்பளித்திருந்தது, விரலால் தேய்த்தேன், தோல் உரிகிற மாதிரிக் கையோடு வந்துவிட்டது. பிரேக் ஒயில் பட்டால் பெயின்டைத் தின்னும் என்பது உனக்குத் தெரியும். அப்படியென்றால் எங்கேயோ ஒழுகுகிறது மகன், தேய்ந்து இறங்கவில்லை. முன் சில்லுக்குக் கீழே கார்ட்போட் துண்டொன்றைப் போட்டு வைத்தேன், விடியும்போது ஈரம். அவர் குளிக்கப் போன நேரம் பிரேக்கைப் பிடித்தும் பார்த்தேன், முந்தி பாதியில் இறுகி நின்றது இப்போது பஞ்சை நசுக்குகிற மாதிரிக் கைப்பிடி வரைக்கும் வருகிறது. ஹப்ஸாவிடம் சொன்னேன், பின் பிரேக் இரிக்கிதானே உம்மா, அவர் மெல்லத்தானே ஓடுறார் என்கிறாள். ஏழு மாசம் அவளுக்கு, அந்த வயிற்றோடு பின்னால் ஒருக்களித்து ஏறிக் குந்திக்கொண்டு கிளினிக்குக்கும் அதில்தான், கடைக்கும் அதில்தான்.

வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் இறக்காமத்துக்கு அவருடைய உம்மாவைப் பார்க்கப் போகிறார்களாம். சம்மாந்துறை கழிந்தால் பிறகு வயல் பாதை, குளக்கட்டு வளைவு, அறுவடை நேரமென்பதால் அஸர் கழிந்து வெயில் தாழ்ந்தால் யானையும் இறங்குகிறது. திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் எந்தப் பிரேக்கைப் பிடிப்பார். நான் நேரே சொல்லலாம்தான். ஆனால் நம்மட பக்கத்தில் மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிறதா, கலியாணமாகி இவ்வளவு காலத்தில் சோறு தின்ன வரச் சொல்வதும் ஹப்ஸாவைக் கொண்டுதான். நம்பி வந்து நம்மட வீட்டில் இருக்கிற பிள்ளையை, உங்கட வேலை பிழை என்று மாமி வாயால் சொன்னால் அவர் எந்த முகத்தோடு இந்த வாசலில் ஏறுவார். வாப்பா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, ஆம்பிளைக்கு ஆம்பிளை கதைத்து முடித்திருப்பார். இப்போது நீதான் இருக்கிறாய். அதனால் நீ ஃபோன் எடுத்து, உம்மா சொன்னா என்று வாயே திறக்காமல், மச்சான், அந்த சைக்கிள் முன் பிரேக்கில எனக்கு முந்தியே ஒரு சந்தேகம், ஒயில் வாற ஹோஸை மாத்த மறந்து வந்திட்டன், கராஜில குடுத்து மாத்துங்க என்று உன் தலையில் போட்டுச் சொல். அவருக்கும் குறைவில்லை, பிள்ளைக்கும் ஆபத்தில்லை. சனிக்கிழமைக்கு முன் சொல்லிவிடு.

இவ்வளவும் எழுதிக் கவரில் போட்டுவிட்டேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன் மகன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு இருந்தேன், இறக்காமத்திலிருந்து அவருடைய உம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டா என்று ஃபோன் வந்தது. உடனே புறப்பட்டார்கள். ஹப்ஸா அபாயா போடுகிறாள், அவர் முற்றத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பழைய போத்தலைக் கவிழ்த்து விளிம்பு வரைக்கும் ஊற்றுகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாளையாகும், உனக்கு எடுத்தால் வேலை நேரமென்று ஃபோன் அணைந்து கிடக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். மருமகன், என்ட புள்ளைய இந்த சைக்கிள்ல ஏத்தாதீங்க, முன் பிரேக் ஒழுகுது என்றேன். சத்தம் கூடிவிட்டது, மர்ஷூதா வேலியால் எட்டிப் பார்த்தாள். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓம் மாமி என்றார், அவ்வளவுதான். ஹப்ஸாவின் ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் வைத்தார், நீ இரி என்று அவளிடம் சொன்னார், தனியே போய்விட்டார்.

இப்போது அஸர் கழிந்துவிட்டது. இறக்காமத்துக்கு எடுத்துக் கேட்டோம், இன்னும் வரவில்லை என்கிறார்கள். அவருடைய ஃபோன் அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. ஓடும்போது அவர் ஃபோன் எடுப்பதில்லைதானே என்று ஹப்ஸாவுக்குச் சொல்கிறேன், அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே இருக்கிறாள். மேற்கேயிருந்து கச்சான் காற்று புழுதியை அள்ளி அடிக்கிறது, தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எழும்புகிறோம். மேலே எழுதியதை இப்போது வாசித்துப் பார்த்தேன் மகன். தாள் முழுக்க என் பிள்ளை, என் பிள்ளையின் வயிறு. என்ட புள்ளைய ஏத்தாதீங்க என்று சொல்ல வந்த வாய்க்கு, நீங்களும் ஏறாதீங்க என்று சொல்ல வரவில்லை. அந்தச் சொல் என் மனதிலேயே இருக்கவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது.

மர்ஷூதாவின் மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கிறார், முடிக்கிறேன். தண்ணீர் நிறையக் குடி, தொழுகையை விடாதே. உன்னையும் அந்த மருமகப் பிள்ளையையும் அல்லாஹ் ஒரு ஆபத்தும் அணுகாமல் காப்பானாக. இது கிடைத்ததும் எனக்கு எடுக்காதே, முதலில் அப்ராஸுக்கு எடு. சைக்கிள் கதை, பிரேக் கதை ஒன்றும் வேண்டாம், ஹோஸ் என்று நான் எழுதிக் கொடுத்த பொய்யும் வேண்டாம். அவர் ஃபோனை எடுத்தால், மாமி உங்களையும் சேர்த்துத்தான் சொன்னா என்று மட்டும் சொல்லிவிடு.

உன் உம்மா
ஸகியா