கழற்றி வைத்த கழுத்துப்பட்டை

பீலெஃபெல்ட்
12.11.2006

மதிப்புக்குரிய சிறீதரன் அண்ணைக்கு,

எல்லாரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இம்முறை, நானும் மகள் நிருஷாவும் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். லண்டன் வீடு உங்களுக்கும் பவளம் அக்காவுக்கும் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். அக்காவின் சீனி வருத்தம் இப்போது மருந்துக்குக் கட்டுப்படுகிறதா?

தொலைபேசியில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் இவர் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அது உண்மையில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுகிறேன். தளபாடத் தொழிற்சாலையில் இனிப் பலகை தூக்க ஏலாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் மாசியில் இவருடைய காரைப் பின்னால் வந்து இடித்தவரின் காப்புறுதி நிறுவனம், விரல் மரத்ததற்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை என்கிறது. அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் தொடர்ந்து சிகிச்சையும் வேறு தொழிலுக்கான பயிற்சியும் கிடைக்கும். இல்லாவிட்டால் இவர் இந்த வயதில் சும்மா யன்னலடியில் இருக்க வேண்டியதுதான்.

அவர்கள் காட்டும் ஆதாரம் வைத்தியசாலைக் கோப்பு. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, அகராதியோடு இருந்து வரி வரியாக வாசித்தேன். தாவரவியல் படித்த காலத்திலிருந்தே, எழுதியவர் கண்டதை எழுதினாரா, நினைத்ததை எழுதினாரா என்று பார்ப்பது என் பழக்கம். முதற் பக்கத்திலேயே இடது கை வலது கையாகியிருந்தது. எழுதி முடிந்த அறிக்கையை மாற்ற முடியாது என்று அலுவலகப் பெண் சொன்னார். அப்படியானால் எழுதிய வைத்தியரிடமே கேட்கிறேன் என்று அங்கேயே இருந்தேன். அவர் வந்து ஸ்கான் படத்தைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், திருத்தி ஒப்பமிட்டார்.

இரண்டாவதை அப்படித் திருத்த முடியாது. விபத்துக்கு மறுநாள் பின்னேரம் தாதி எழுதிய குறிப்பு அது. நோயாளி, கழுத்து அசையாமலிருக்கக் கட்டிய கழுத்துப்பட்டை இல்லாமல் எழுந்து நடக்கிறார், பார்வையாளர்களோடு சிரித்துப் பேசுகிறார், நோவு இல்லை. அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதியிருக்கிறாள். சிக்கலே அதுதான்.

அது நீங்கள் இவரைப் பார்க்க வந்த நாள், அண்ணை. கோயில் ஆட்களும் தமிழ்ப் பள்ளிக்கூட ஆட்களும் இடியப்பம், சூப்பு என்று கொண்டுவந்து அறையை நிறைத்திருந்தார்கள். கழுத்து முறிந்தது காருக்குத்தான், தனக்கில்லை என்று சொல்லி இவர் எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். உங்களை வாசலில் கண்டதும் பட்டையைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து உங்களுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அந்த நாளில் அகதி விடுதியில் தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்த மனிதருக்கு முன்னால் படுத்துக்கிடப்பதா என்று பிறகு என்னிடமே கேட்டார். இதெல்லாம் அந்த ஜெர்மன் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? அங்கே நின்ற எங்களில் ஒருவரும் விளக்கிச் சொல்லவுமில்லை.

வந்தவர்களை வழியனுப்ப நானும் நிருஷாவும் கீழே போய்விட்டோம். திரும்பி வந்தபோது நீங்கள் அவருக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் முகமெல்லாம் வியர்வை. ஏன் என்று கேட்டேன். அறை வெக்கை என்றீர்கள். மாசி மாதம், யன்னலும் திறந்திருந்தது. நான் நம்பவில்லை. ஆனால் உங்களைக் குறுக்குவிசாரணை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

போன கிழமை அந்தக் குறிப்பை இவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னார். எல்லாரும் போன பிறகு கட்டிலுக்குத் திரும்ப முடியாமல் நின்றதையும், நீங்கள் தாங்கிப் படுக்கவைத்ததையும், அப்போதே விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததையும் சொன்னார். சரளாவுக்குச் சொல்லவேண்டாம் என்று உங்களிடம் வாக்கு வாங்கியதையும் சொன்னார்.

நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க, நீங்கள் அன்று கண்டதைக் கையால் எழுதி அனுப்ப வேண்டும். தமிழில் எழுதினால் போதும், இங்கே மொழிபெயர்க்கலாம். குடும்பத்தவர் சொல்வதைவிட வெளியாள் சொல்வதற்குப் பெறுமதி கூட என்கிறார் எங்கள் வழக்கறிஞர். எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லும் கூட்டவேண்டாம், இவருடைய மானத்தை நினைத்து ஒரு சொல்லும் குறைக்கவேண்டாம். அண்ணையைக் கரைச்சல்படுத்தாதே என்று இவர் தடுப்பார் என்பதால் அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கொடுத்த வாக்கு அது. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி நீங்கள் அதைக் காக்கத் தேவையில்லை.

நீதிமன்றத்துக்கு நேரில் வரச்சொன்னால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். அப்படி வந்தால் ஒரு உதவி. வாசல் மணிச் சத்தம் கேட்டதும் இவர் எழும்பத்தான் பார்ப்பார். நான் சொன்னால் கேட்கமாட்டார். “இருடாப்பா” என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்கு வாருங்கோ.

உங்கள் கையெழுத்தைப் பார்த்திருக்கும்,
சரளா நவரத்தினம்