வரைபடத்தின் கீழ் மூலை

7-12-1989, வியாழன்.

மாப்பிள்ளை அந்தோணியின் படகு இன்னும் திரும்பவில்லை. மாலையிலிருந்து மழை. கடல் கண்ணுக்கே தெரியவில்லை.

செயற்கைக்கோளை வைத்து இடம் சொல்லும் கைக்கருவி ஒன்றை அவர் அண்ணன் பிரான்சிலிருந்து அனுப்பியிருந்தார். காலையில் கரையில் நின்று, அது காட்டிய எண்களை என் பழைய பிரெஞ்சுக் கடல் வரைபடத்தில் குறித்தேன். புள்ளி நடுக்கடலில் விழுந்தது.

“கரையில நிக்கிறவனைக் கடல்ல தள்ளுது. கடலுக்குப் போனா வீட்டுக்குள்ள விடுமோ? வச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை.”

“இருக்கட்டுமே மாமா, எடுத்துக்கிறேன்.”

பள்ளிக்கூடம் போகாமல் தானாகவே படித்தவன் என்று ஊரே என்னை இளக்காரம் செய்தது போதாதா, இந்த மெஷினுமா என்று கோபம். பிடுங்கி வைத்துக்கொண்டேன். வரைபடத்தை நான் பார்த்து வரைந்த நகலையும் திசைகாட்டியையும் கொடுத்தனுப்பினேன்.

விளக்கேற்றிய பின் வரைபடத்தை மறுபடி விரித்தேன். கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி. அகராதியை வைத்துப் படித்தேன். இதில் தீர்க்கரேகைகளைப் பாரிசிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். கருவி எண்ணுவது கிரீன்விச்சிலிருந்து. இரண்டேகால் பாகைக்கு மேல் வித்தியாசம். அதைக் கழித்ததும் புள்ளி காலையில் நாங்கள் நின்ற அரசலாற்று முகத்துவாரத்திலேயே வந்து நின்றது.

முப்பது வருடமாக வைத்திருக்கும் வரைபடம். அந்த வரியை மட்டும் படித்ததில்லை.

மகள் ஸ்டெல்லா கேட்டாள். “அப்பா, அந்த மெஷின் நெசமாவே கெட்டுப்போச்சா?”

“கெட்டதுதான். போய்ப் படு” என்றேன்.

அவள் படுக்கவில்லை. வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறாள்.